அறையை விட்டுக்கொடுக்காத இருவர்

திருச்சியில் கல்லூரி விடுதியில் இருந்தபோது எங்கள் பக்கத்து அறையில் ஒரு அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் இருந்தது. வெள்ளிக்கிழமை இரவானால் அதன் முன்னால் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்துவிடுவோம். சென்னைக்குப் போய் வருகிறவன் யாராவது எம்பி3 சிடி வாங்கி வருவான். ஒரு சிடிக்குள் நூற்றைம்பது பாட்டு இருக்கும். பாதிப் பாட்டுக்குப் பெயரே இருக்காது, 'ட்ராக் 07' என்று மட்டும் போட்டிருக்கும். அப்படி ஒரு பெயரில்லாத ட்ராக்கில்தான் டாஃப்ட் பங்க் என்ற பிரெஞ்சு எலெக்ட்ரானிக் இசை இரட்டையர் எனக்கு அறிமுகமானார்கள்.

பாடல் வரிகள் கிடையாது, பாடுகிறவரும் கிடையாது. கனமான ஒரு டிரம், அதன்மேல் கரகரவென்று ஒரு மெட்டு. ஆட்டம் போடவைக்கும் வேகம்கூட இல்லை. தோளைக் குலுக்கிக்கொண்டு யாரோ தெருவில் நடந்து வருவது மாதிரி ஒரு நடை. திரும்பத் திரும்ப அதே மெட்டு. 'அவ்வளவுதானா' என்று நினைக்கிற நேரத்தில், ஈரக் கண்ணாடியில் விரலைத் தேய்ப்பது போன்ற ஒரு சத்தம் அடியிலிருந்து எழுந்து மெட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. அறையில் பேச்சு நின்றது. அந்தப் பாட்டின் பெயர் 'டா ஃபங்க்' என்பது எனக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

இன்று நான் கோயம்புத்தூரில் வீட்டின் மாடியறையில் ஒலிப்பதிவு வேலை செய்கிறேன். டப்பிங், குறும்படத்துக்கு மிக்ஸிங், உள்ளூர் விளம்பரத்துக்கு இசை என்று எது வந்தாலும் செய்வேன். சுவரில் ஃபோம், ஒரு மேசை, இரண்டு ஸ்பீக்கர், அவ்வளவுதான் ஸ்டூடியோ. அதனால்தானோ என்னவோ, டாஃப்ட் பங்க் பற்றிப் பேசும்போது தங்கநிற ஹெல்மெட்டும் கிராமி மேடையும் எனக்கு ஞாபகம் வருவதில்லை. பாரிஸில் ஒரு படுக்கையறையில் இரண்டு பையன்கள் மெஷின்களோடு உட்கார்ந்திருந்த 1993 முதல் 1997 வரையான காலம்தான் ஞாபகம் வருகிறது. அவர்கள் செய்த பெரிய காரியங்கள் எல்லாவற்றுக்கும் வேர் அந்த நான்கு வருடத்தில்தான் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

தோமா பங்கால்தேரும் கீ-மனுவேல் த ஒமெம்-கிறிஸ்தோவும் 1987இல் பாரிஸின் லிசே கார்னோ பள்ளியில் சந்தித்தார்கள். தோமாவுக்கு 12 வயது, கீ-மனுவேலுக்கு 13. பள்ளித் தோழர்கள் சேர்ந்து என்ன செய்வார்களோ அதைத்தான் செய்தார்கள்: படம் பார்த்தார்கள், பாட்டுக் கேட்டார்கள், பேண்ட் தொடங்கினார்கள். 1992இல் லோரான் பிரான்கோவிட்ஸ் என்ற கிதார் கலைஞரோடு சேர்ந்து 'டார்லின்' என்று ஒரு ராக் பேண்ட். பீச் பாய்ஸின் ஒரு பாட்டிலிருந்து எடுத்த பெயர். ஸ்டீரியோலாப் என்ற இசைக்குழுவினர் தங்கள் லேபிள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனம், வழியே வெளியிட்ட ஒரு தொகுப்பில் இவர்களுடைய பாட்டும் இடம்பிடித்தது. பிரிட்டனில் ஸ்டீரியோலாப் கச்சேரிகளுக்கு முன்னால் வாசிக்கவும் வாய்ப்பு வந்தது.

அப்புறம் விமர்சனம் வந்தது. மெலடி மேக்கர் என்ற பிரிட்டிஷ் இசைப் பத்திரிகை அந்த இசையை 'டாஃப்ட் பங்கி த்ராஷ்' என்று எழுதியது. கிறுக்குத்தனமான பங்க் இரைச்சல் என்று வைத்துக்கொள்ளலாம். பதினெட்டு, பத்தொன்பது வயதில், முதல்முறையாக அச்சில் உங்கள் இசையைப் பற்றி வருகிற சொல் இப்படி இருந்தால் என்ன செய்வீர்கள்? நானாக இருந்தால் அந்தப் பத்திரிகையைக் கண்ணில் படாத இடத்தில் ஒளித்து வைத்திருப்பேன். டார்லின் சில மாதங்களில் கலைந்தது. பிரான்கோவிட்ஸ் தன் வழியில் போனார். பின்னாளில் ஃபீனிக்ஸ் என்ற நல்ல ராக் குழுவில் அவரைப் பார்க்கிறோம். மிச்சமிருந்த இருவரும் அந்தத் திட்டிலிருந்து இரண்டு சொல்லை எடுத்துத் தங்களுக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள்.

இந்தச் சமயத்தில்தான் பாரிஸிலும் ரேவ் பார்ட்டிகள், மெஷின் இசைக்கு இரவு முழுக்க ஆடும் கூட்டங்கள், பரவிக்கொண்டிருந்தன. கிதாரை ஓரம் வைத்துவிட்டு இருவரும் டிரம் மெஷின், சின்தசைசர், பதிவான சத்தத்தைத் துண்டாக்கித் திரும்ப வாசிக்கும் சாம்ப்ளர் பக்கம் போனார்கள். தோமாவின் 18ஆவது பிறந்தநாளையொட்டிக் கிடைத்த பணம் கருவிகளுக்குப் போனது. வசதியான வீடு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பணத்தைவிட முக்கியமான ஒன்று அந்த வீட்டில் இருந்தது. தோமாவின் அப்பா டேனியல் வாங்கார்ட் 1970களின் டிஸ்கோ காலத்தில் பேர்பெற்ற பாடலாசிரியர், தயாரிப்பாளர். ஒட்டாவான் குழுவின் 'டி.ஐ.எஸ்.சி.ஓ.' பாட்டு அவர் கைவண்ணம்தான்.

இங்கே கொஞ்சம் வழிவிலகிப் போகிறேன், மன்னிக்கவும். ஒட்டாவானுக்காக அதே வாங்கார்ட் ஜான் க்ளூகரோடு சேர்ந்து எழுதிய இன்னொரு பாட்டின் மெட்டு, 1982இல் 'டிஸ்கோ டான்ஸர்' இந்திப் படத்தில் 'ஜிம்மி ஜிம்மி' ஆனது. நம் ஊர்த் திருவிழா ஒலிபெருக்கியிலும் அது ஒரு காலத்தில் ஓயாமல் ஒலித்தது. 2007இல் அந்த 'ஜிம்மி'யைத் தன் 'கலா' தொகுப்பில் எடுத்துப் பாடியவர், ஈழத்தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. பாரிஸில் பிறந்த மெட்டு பம்பாய்க்குப் போய், ஒரு தமிழ்ப் பெண் குரலில் லண்டனுக்குத் திரும்பியது. அதை முதலில் எழுதியவரின் மகன்தான் டாஃப்ட் பங்கில் பாதி. இது தெரிந்த நாளில் நான் மூன்று வடிவத்தையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

சரி, கதைக்கு வருவோம். 1993இல் பாரிஸ் அருகே யூரோ டிஸ்னியில் ஒரு ரேவ் நடந்தது. அங்கே ஸ்டூவர்ட் மெக்மில்லனை இருவரும் சந்தித்தார்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஸ்லாம் என்ற டிஜே இரட்டையரில் ஒருவர் அவர். சோமா என்ற சின்ன லேபிளைத் தொடங்கியவர்களில் ஒருவரும்கூட. பையன்கள் ஒரு டெமோ கேசட்டை அவர் கையில் கொடுத்தார்கள். அதன் விளைவாக 1994இல் 'தி நியூ வேவ்' இசைத்தட்டு சோமாவில் வந்தது. பெரிய சலசலப்பு ஒன்றும் இல்லை. மறுவருடம், 1995இல், 'டா ஃபங்க்' வந்தது. முதலில் சோமா போட்டது இரண்டாயிரம் பிரதி. பிரிட்டனில் கெமிக்கல் பிரதர்ஸ் என்ற இசை இரட்டையர் தங்கள் நிகழ்ச்சிகளில் அதைப் போடத் தொடங்கிய பிறகு பேச்சு கிளப்பிலிருந்து கிளப்புக்குத் தாவியது.

விடுதி அறையில் எங்களை வாயடைக்க வைத்த அந்த ஈரக் கண்ணாடிச் சத்தத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ரோலண்ட் கம்பெனியின் டிபி-303 என்ற குட்டிப் பெட்டி அது. தனியாகப் பயிற்சி செய்யும் கிதார் கலைஞருக்குத் துணையாக பேஸ் வாசிக்கட்டும் என்று 1981இல் ஜப்பானில் செய்தார்கள். அதன் சத்தம் பேஸ் கிதார் மாதிரி இல்லவே இல்லை. யாரும் வாங்கவில்லை. இரண்டு மூன்று வருடத்தில் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அப்படி ஒதுக்கப்பட்ட பெட்டிகள் பழைய சாமான் விலைக்குக் கிடைத்தபோது, சிகாகோவில் டிஜே பியேரும் அவர் நண்பர்களும் ஒன்றை வாங்கி, அதன் குமிழ்களைக் கண்டபடி திருகிப் பார்த்தார்கள். பெட்டி அழுதது, கீச்சிட்டது, குமிழியிட்டது. ஆசிட் ஹவுஸ் என்ற இசை அதிலிருந்து பிறந்தது. பாரிஸ் பையன்கள் அந்த அழுகையை எடுத்து வேறு இடத்தில் வைத்தார்கள். 'டா ஃபங்க்' செய்யும்போது அவர்கள் மனதில் இருந்தது அமெரிக்காவின் மேற்குக் கரை ராப், குறிப்பாக வாரன் ஜியின் அந்த நேரத்து ஹிட் பாட்டு. அதனால்தான் அந்தத் தோள் குலுக்கும் நடை. சிகாகோவின் பெட்டியும் கலிஃபோர்னியாவின் நடையும் பாரிஸ் படுக்கையறை ஒன்றில் சந்தித்திருக்கின்றன.

அந்த அறையில் இருந்த இன்னொரு பொருளையும் கிட்டப் போய்க் காட்ட வேண்டும். அலெஸிஸ் 3630 என்ற கம்ப்ரெசர், தொழிலில் இருப்பவர்கள் மட்டம் என்று ஒதுக்குகிற விலைமலிந்த கருவி. கம்ப்ரெசரின் வேலை, சத்தம் ஓர் அளவைத் தாண்டினால் அமுக்கிப் பிடிப்பது. நல்ல இன்ஜினியர் அது வேலை செய்வதே தெரியாமல் பார்த்துக்கொள்வார். இவர்கள் முழுப் பாட்டையும் அதன் வழியே தள்ளி, தெரியும்படி அமுக்கினார்கள். ஒவ்வொரு கிக், அதாவது கனமான டிரம் அடி, விழும்போதும் மற்ற எல்லாச் சத்தமும் உள்ளே போகும், கிக் முடிந்ததும் மேலே எழும்பி வரும். கேட்டால் பாட்டு மூச்சு விடுவது போல இருக்கும். நான் முதன்முதலில் இதை என் மேசையில் செய்து பார்த்தபோது இரவு இரண்டு மணி. ஹெட்ஃபோனில் அந்த மூச்சு வந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. விலையுயர்ந்த கருவி இருந்திருந்தால் அந்த மூச்சு இவ்வளவு முரட்டுத்தனமாக வந்திருக்காது.

'டா ஃபங்க்' பிடித்துக்கொண்ட பிறகு பெரிய கம்பெனிகள் வரிசையில் வந்தன. இந்த இடத்தைத்தான் நான் மிகவும் நேசிக்கிறேன். இருபத்தோரு, இருபத்திரண்டு வயதுப் பையன்கள் முன்னால் செக்கை நீட்டினால் எந்தக் கை நடுங்காமல் இருக்கும்? இவர்கள் அவசரப்படவில்லை. 1996இல் வெர்ஜின் என்ற இசைக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டபோது பணத்தைவிட அதிகாரத்தைத்தான் கேட்டு வாங்கினார்கள். டாஃப்ட் டிராக்ஸ் என்று சொந்தக் கம்பெனி வைத்து, ஒலிப்பதிவின் மூலப்பிரதி தங்களுக்கே சொந்தம், வெர்ஜினுக்கு வெளியிடும் உரிமம் மட்டும் என்று முடித்தார்கள். எப்படி ஒலிக்க வேண்டும், அட்டை எப்படி இருக்க வேண்டும், வீடியோவை யார் எடுக்க வேண்டும், எல்லாம் இவர்கள் கையில். தொழிலின் உள்வெளி தெரிந்த அப்பாவின் யோசனை பின்னால் இருந்தது. அதைக் கேட்டு நடக்கிற புத்தியும் இவர்களுக்கு இருந்தது.

ஏன் இவ்வளவு உருகுகிறேன் என்றால், எனக்கு அந்தப் புத்தி இல்லாமல் போனது. தொழில் தொடங்கிய புதிதில் ஒரு விளம்பரத்துக்கு இருபது விநாடி மெட்டு ஒன்று போட்டுக் கொடுத்தேன். கொடுத்த காகிதத்தில் கையெழுத்தும் போட்டேன். நான்கு பக்கம், பொடி எழுத்து. எனக்கு அன்று தேவைப்பட்டது அந்த மாத வாடகை. இரண்டு வருடம் கழித்துப் பேருந்து நிலையத்தில் நிற்கும்போது என் மெட்டு வேறொரு பொருளின் விளம்பரத்தில் கேட்டது. அப்புறம் இன்னொன்றில். கேட்டபோது காகிதத்தின் மூன்றாம் பக்கத்தைக் காட்டினார்கள். எல்லா உரிமையும், எல்லாக் காலத்துக்கும், என் கையெழுத்தோடு. அன்றிலிருந்து என்னிடம் பழக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லித்தருவது மைக் பிடிப்பதை இல்லை, காகிதம் படிப்பதை. டாஃப்ட் பங்க் ஒப்பந்தக் கதையை அப்போது தவறாமல் சொல்வேன்.

1997 ஜனவரியில் முதல் ஆல்பம் 'ஹோம்வர்க்' வந்தது. 16 ட்ராக். பெரும்பாலும் தோமாவின் படுக்கையறையில் பதிவானவை. ஆல்பம் போடுகிற திட்டமே முதலில் இல்லை, தனித்தனி இசைத்தட்டுகளாக விடத்தான் நினைத்திருந்தார்கள். ஐந்து மாதத்தில் ட்ராக் குவிந்துபோனதால் ஆல்பமானது. வீட்டில் செய்த வேலை என்பதால் ஹோம்வர்க், அடுத்து வரப்போகிறதற்கான பயிற்சி என்பதாலும் ஹோம்வர்க். அட்டையில் பளபளக்கும் கருந்துணியில் தைத்த பெயர்ச்சின்னம் மட்டும். அந்தச் சின்னத்தை வரைந்தவர் கீ-மனுவேல். இருவர் முகமும் முன்னட்டையில் கிடையாது. ரோபோ ஹெல்மெட் வருவதற்கு முந்தைய காலம் அது. புகைப்படக்காரர்கள் வந்தால் கிடைத்த முகமூடியை மாட்டிக்கொண்டு நிற்பார்கள். இசைதான் கண்ணில் பட வேண்டும், ஆள் பட வேண்டியதில்லை என்பதில் ஆரம்பத்திலிருந்தே பிடிவாதம்.

வீடியோவை யாரிடம் கொடுப்பது என்ற உரிமையை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள். 'டா ஃபங்க்' இயக்குநர் ஸ்பைக் ஜோன்ஸிடம் போனது. நாய்த்தலை கொண்ட சார்ல்ஸ் என்ற ஆள், காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, ஊன்றுகோலோடு நியூயார்க் தெருவில் நடக்கிறான். கையில் ஒரு பெரிய டேப் ரெக்கார்டர், அதில் 'டா ஃபங்க்' அலறுகிறது. சத்தத்தைக் குறைக்கும் குமிழ் உடைந்து போயிருக்கிறது. சின்ன வயதில் பக்கத்து வீட்டில் இருந்த ஒரு பெண்ணை எதேச்சையாகச் சந்திக்கிறான், வீட்டுக்குச் சாப்பிட வா என்கிறாள், பேருந்து வருகிறது, அவள் ஏறிவிடுகிறாள். ரேடியோவுக்கு அனுமதியில்லை என்று பேருந்தில் எழுதியிருக்கிறது. அவன் வெளியிலேயே நின்றுவிடுகிறான். டேப்பைக் கீழே வைத்துவிட்டு ஏறியிருக்கலாமே என்று ஒவ்வொரு முறையும் மனது அடித்துக்கொள்ளும். தங்கள் பாட்டு விற்க வேண்டிய வீடியோவில், பாட்டின்மேலேயே வசனம் பேசவிட்டிருக்கிறார்கள். எந்தக் கம்பெனிக்காரன் இதற்குத் தலையாட்டுவான்?

'அரவுண்ட் த வேர்ல்ட்' மிஷெல் கோந்த்ரியிடம் போனது. பாட்டில் இருப்பது மூன்றே சொல், அதை ரோபோக் குரலில் 144 தடவை சொல்கிறார்கள். கோந்த்ரி ஒரு வட்ட மேடை கட்டி, நடன அமைப்பாளர் பிளாங்கா லியோடு சேர்ந்து, ஒவ்வொரு இசைக்கருவிக்கும் ஒரு கூட்டத்தை ஏற்றிவிட்டார். குரலுக்கு ரோபோக்கள், கிதாருக்கு எலும்புக்கூடுகள், டிரம் மெஷினுக்கு மம்மிகள், கீபோர்டுக்கு நீச்சலுடைப் பெண்கள். பேஸுக்கு உயரமான விளையாட்டு வீரர்கள். பேஸ் ஏறினால் அவர்கள் படியில் ஏறுகிறார்கள், இறங்கினால் இறங்குகிறார்கள். மிக்ஸிங் பழக வரும் பிள்ளைகளுக்கு நான் இந்த வீடியோவைப் போட்டு, முதல் தடவை வீரர்களை மட்டும் பார் என்பேன். அடுத்த தடவை மம்மிகளை மட்டும். மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கேள் என்றால், காது தானாகவே பிரித்துக் கேட்கத் தொடங்கிவிடும்.

'ரெவல்யூஷன் 909' ரோமன் கொப்போலா எடுத்தது. பார்ட்டியைக் கலைக்கப் போலீஸ் வருகிறது, அங்கிருந்து ஒரு தக்காளியின் கதை விதையிலிருந்து தொடங்கி, குழம்பாகி, போலீஸ்காரர் சட்டையில் கறையாக முடிகிறது. வேடிக்கையாகத் தெரிந்தாலும் அதன் அடியில் நிஜமான கோபம் இருக்கிறது. 1995இல் பிரெஞ்சு அரசு ரேவ் பார்ட்டிகளை ஆபத்தானவை என்று முத்திரை குத்திச் சுற்றறிக்கை விட்டது. பார்ட்டிகள் ரத்தாயின. இசையை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லும் அதிகாரக் குரலைப் பாட்டின் தொடக்கத்திலேயே வைத்தார்கள். உடனே 909 டிரம் மெஷின் அதற்குப் பதில் சொல்கிறது.

அதே 1997இல் சுற்றுப்பயணம் கிளம்பினார்கள். டேப்பைப் போட்டுவிட்டு நின்று கைதட்டல் வாங்கவில்லை. அறையிலிருந்த மெஷின்களைப் பெட்டி கட்டி ஊர் ஊராகத் தூக்கிப் போனார்கள், மேடையில் இணைத்து, அங்கேயே வெட்டி ஒட்டி வாசித்தார்கள். நவம்பர் 8ஆம் தேதி பிர்மிங்ஹாமில் வாசித்ததிலிருந்து நாற்பத்தைந்து நிமிடத்தை 2001இல் ஒரே ட்ராக்காக வெளியிட்டார்கள். அதில் 'டா ஃபங்க்' மெட்டு ஒரு மூலையில் லேசாகத் தலைகாட்டும்போது கூட்டம் கத்துகிறதே, அந்த இடத்தை மட்டும் நான் எத்தனை தடவை பின்னால் ஓட்டிக் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

கடைசியாக, 'ஹோம்வர்க்'கில் மூன்று நிமிடத்துக்கும் குறைவாக ஓடும் ஒரு ட்ராக் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பெயர் 'டீச்சர்ஸ்'. பாட்டு முழுக்கப் பெயர்கள்தான். ஒரு குரல் கீழே, ஒரு குரல் மேலே, மாற்றி மாற்றித் தங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களை வரிசையாகச் சொல்கிறார்கள். பால் ஜான்சன், டிஜே ஃபங்க், டிஜே ஸ்னீக், லில் லூயிஸ், ஜெஃப் மில்ஸ், அந்த 303 பெட்டியை அழவைத்த டிஜே பியேர். நடுவே பீச் பாய்ஸின் பிரையன் வில்சன், ராப் கலைஞர் டாக்டர் ட்ரே. சிகாகோ, டெட்ராய்ட், நியூயார்க் கிளப்புகளில் கறுப்பின இளைஞர்கள் வளர்த்த இசை அது. அவர்களில் பலர் தங்கள் ஊருக்கு வெளியே பெயர் தெரியாமல் இருந்தார்கள். அந்த இசையை எடுத்துக்கொண்டு உலகப் புகழ் அடைந்த வெளியூர்க்காரர்கள் நிறைய உண்டு. முதல் ஆல்பத்திலேயே குருமார் பெயரை உரக்கச் சொன்னவர்கள் கொஞ்சம்.

அந்தப் பட்டியலில் ரோமாந்தனி என்றொரு பெயர் வரும், நியூ ஜெர்சிக்காரர். டாட் எட்வர்ட்ஸ் என்றும் ஒரு பெயர் வரும், அவரும் அதே மாநிலம். நான்கு வருடம் கழித்து, 2001இல், டாஃப்ட் பங்கின் இரண்டாவது ஆல்பம் வந்தது. அதன் முதல் பாட்டில், உலகமே ஆடிய அந்தப் பாட்டில், பாடுகிற குரல் ரோமாந்தனியுடையது. அதே ஆல்பத்தில் இன்னொரு பாட்டை இவர்களோடு சேர்ந்து செய்து பாடியவர் டாட் எட்வர்ட்ஸ். மூன்றாவது ஒரு பாட்டின் வரிகளில் டிஜே ஸ்னீக்கின் கை இருக்கிறது.